பிணை (ஜாமீன்)

குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவரை, அழைக்கும்போதெல்லாம் முன்னிலையாவார் என்ற உறுதியின் பேரில், வழக்கு முடிவதற்கு முன்பே காவலிலிருந்து விடுவிப்பதைத் தமிழ்நாட்டில் ‘ஜாமீன்’ என்கிறோம். பொறுப்பேற்பவர் என்று பொருள்படும் அரபுச் சொல் ஒன்று பாரசீகத்திலும் உருதுவிலும் ‘ஜாமின்’ என ஒலித்து நம்மிடம் வந்து சேர்ந்தது. நிலத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லான ‘ஜமீன்’ முற்றிலும் வேறு. மூலத்தில் ஜாமீன் என்பது ஆளின் பெயர்; செயலைக் குறிக்க இந்தியில் ‘ஜமானத்’ என்று தனிச்சொல் இருக்கிறது. தமிழில் ஆளின் பெயரே செயலுக்கு ஆகிவிட்டதால், ஆளைக் குறிக்க ‘ஜாமீன்தாரர்’ என்று இன்னொன்றை ஆக்கிக்கொள்ள நேர்ந்தது.

இதற்கு நேரான தமிழ்ச் சொல் ‘பிணை’. கட்டுதல், பின்னுதல் என்ற பொருளுடைய வினையடியிலிருந்து வந்தது. பிணைக்கைதியிலும் அதே பிணைதான் இருக்கிறது. வெளியே விடுவதற்குக் கட்டு என்ற சொல்லா என்று தோன்றலாம். பிணையில் செல்பவர் வழக்கிலிருந்து விடுதலையானவர் அல்லர், வாக்குறுதியால் நீதிமன்றத்தோடு கட்டப்பட்டவர் என்பதால், கடன் வாங்கிய சொல்லைவிட இதுவே சட்டத்தின் கருத்துக்கு நெருக்கமானது.

ஆனால் பிணை என்றால் பொறுப்பேற்க இன்னொருவர் இருந்தே ஆக வேண்டுமா? 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இச்சொல்லுக்கு வரையறை தரவில்லை. 1978-இல் மோத்திராம் வழக்கில் இக்கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஏழைக் கொத்தனார் ஒருவருக்கு 10,000 ரூபாய் பிணையம் கேட்ட மத்தியப் பிரதேச நடுவர் (மாஜிஸ்திரேட்), அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று கூறி அந்தச் சகோதரரைப் பிணையாளராக ஏற்க மறுத்திருந்தார். பிணையாளர் இல்லாமல், சொந்த உறுதிமுறியில் (தானே எழுதிக்கொடுக்கும் உறுதிப் பத்திரத்தில்) விடுவிப்பதும் பிணையே என்று தீர்ப்பளித்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், சாந்தினி சௌக்கில் கைதாகும் ஒரு தமிழர் உள்ளூர்ப் பிணையாளருக்கு எங்கே போவார் என்ற பொருளிலும் கேட்டார். 1973-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, தன் 2-ஆம் பிரிவிலேயே பிணையை வரையறுத்து, பிணையாளர் உள்ள முறியையும் இல்லாத முறியையும் பிரித்துக் காட்டுகிறது. முன்னதைப் பிணைமுறி என்றும் பின்னதை உறுதிமுறி என்றும் சொல்லலாம்.

குழப்பம் மிகுதியாக இருப்பது வேறோர் இடத்தில். ‘ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவுகளில் வழக்குப் பதிவு’ என்று நாளிதழ்கள் எழுதுவதைப் படிப்பவர், அவ்வழக்கில் பிணையே கிடையாது என்று எண்ணிக்கொள்கிறார். அது பிழை. சட்டம் குற்றங்களை ஜாமீனில் வெளிவரக்கூடியவை, வெளிவர முடியாதவை என்று இரு வகையாகப் பிரிக்கிறது. புதிய சட்டத்தின் 478-ஆம் பிரிவின்படி முதல் வகைக் குற்றங்களில் பிணை கேட்பவரின் உரிமை. இரண்டாம் வகையில் அது 480, 483 ஆகிய பிரிவுகளின் கீழ் நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு உட்பட்டது, அவ்வளவே. ‘பிணை உரிமையுள்ள குற்றம்’, ‘பிணை உரிமையில்லாத குற்றம்’ என்று எழுதினால் இந்த மயக்கம் நேராது.

அந்த விருப்புரிமையைச் செலுத்தும் நீதிபதி, குற்றத்தின் கடுமை, முதல்நோக்கில் தெரியும் சான்றுகள், தப்பியோடும் வாய்ப்பு, சாட்சிகளை மிரட்டக்கூடும் என்ற அச்சம், முந்தைய குற்றப் பின்னணி ஆகியவற்றை எடைபோடுகிறார். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா என்பது அப்போது கேள்வியே அன்று. ஆகவே பிணை மறுக்கப்பட்டவரைக் குற்றவாளி என்றோ, கிடைத்தவரை நிரபராதி என்றோ எழுதுவது, எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாலும், தவறு. குறித்த 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், பிணை கோருபவருக்கு 187-ஆம் பிரிவின்படி அது உரிமையாகவே கிடைக்கிறது. அங்கே எடைபோடலுக்கு இடமில்லை.

இலங்கைத் தமிழில் ஜாமீனா பிணையா என்ற சொற்சிக்கல் பெரிதும் இல்லை. அங்கே 1997-ஆம் ஆண்டின் சட்டமே பிணைச் சட்டம் என வழங்குகிறது. பிணை வழங்குவதே விதி, மறுப்பது விலக்கு என்பது அதன் அடிப்படை. பொறுப்பேற்கும் ஆட்களை வைத்து விடுவிப்பதைச் சரீரப் பிணை என்றும் பணம் கட்டி வெளிவருவதைக் காசுப் பிணை என்றும் அந்நாட்டுச் செய்திகள் நாள்தோறும் எழுதுகின்றன. தமிழ்நாட்டில் ‘முன்ஜாமீன்’ என்பதற்கு ‘முன்பிணை’ ஓரளவு பரவிவிட்டது. ‘நிபந்தனை ஜாமீன்’ மட்டும் இன்னும் அசையவில்லை. ‘நிபந்தனைப் பிணை’ என்பதில் சொல்லவோ எழுதவோ எந்தக் கடினமும் இல்லை.