வரைபடத்தில் காலியாகத் தெரியும் மூலை

சில ஆண்டுகளுக்கு முன் தென்சென்னையில் உள்ள ஒரு பூங்காவில் ஸ்கேட்டிங் தளமும் வளர்ப்பு நாய்களுக்கான திடலும் அமைக்க வேண்டும் என்று ஒரு வரைபடம் என் கைக்கு வந்தது. பூங்காவின் மொத்தப் பரப்பு பத்து கிரவுண்டுதான். அதன் ஒரு மூலையில் ஏறத்தாழ இரண்டு கிரவுண்டு இடம் எந்தக் குறியும் இல்லாமல் வெள்ளையாக விடப்பட்டிருந்தது. அந்த வெள்ளையைப் பாதியாகப் பிரித்து, ஒரு பக்கத்தைச் சக்கரங்களுக்கும் மறுபக்கத்தை நாய்களுக்கும் கொடுத்துவிடலாம் என்பது அனுப்பியவர்களின் எண்ணம்.

நான் அந்த மூலைக்குப் போய் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். காலை ஐந்தரை மணிக்குப் பெரியவர்கள் வந்து, சுண்ணாம்புப் பொடியால் தாங்களே போட்டுக்கொண்ட எட்டு வடிவத் தடத்தில் நடந்தார்கள். பகல் ஒன்றரை மணிக்கு மேல், அருகில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஏழெட்டுப் பேர் தூங்குமூஞ்சி மரத்தின் நிழலில் தூக்குவாளிகளைத் திறந்து சாப்பிட்டு, அரை மணி நேரம் காலை நீட்டிப் படுத்துவிட்டுப் போனார்கள். மாலையில் பையன்கள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடினார்கள். இருட்டிய பிறகு மூன்று தெருநாய்கள் வந்து, பகலெல்லாம் மர நிழலில் கிடந்து குளிர்ந்திருந்த மண்ணைக் கிளறிக்கொண்டு படுத்தன. வரைபடத்தில் காலியாக இருந்த அந்த இடம் ஒரு நாளில் நான்கு முறை கைமாறுவதை அன்று பார்த்தேன்.

பூங்கா வடிவமைப்புத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறேன். இவ்விரு வசதிகளும் பயனற்றுப் போனதாக நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் இடத்தைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே பிழை நுழைந்திருந்தது. சிமெண்டையும் கம்பியையும் ஒப்பந்ததாரரையும் குறை சொல்வது அதற்குப் பின்னால் வருவது. இத்தகைய கோரிக்கை இப்போது பல பகுதிகளிலிருந்து வருவதாலும், குடியிருப்போர் நலச் சங்கங்களே மனுவோடு வரைபடத்தையும் இணைத்துக் கொடுக்கத் தொடங்கியிருப்பதாலும், கையெழுத்திடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை எழுத நினைத்தேன்.

முதலில் அளவு. சென்னை மாநகராட்சியின் பராமரிப்பில் 700க்கும் மேற்பட்ட பூங்காக்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை சிறியவை. மனைப்பிரிவுகளுக்கு அனுமதி பெறும்போது பொதுப் பயன்பாட்டுக்காக ஒதுக்கிக் கொடுக்கப்படும் ஓஎஸ்ஆர் நிலங்களில் உருவானவையும் அவற்றில் உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 விழுக்காடு நிலத்தை இப்படி ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஒப்படைக்கப்படும் நிலம் சில நேரங்களில் நீளவாக்கிலோ முக்கோணமாகவோ தாழ்ந்த பகுதியாகவோ அமைந்துவிடுகிறது. இதற்கு மாறாக, ஹைதராபாத் கொண்டாப்பூரில் 2018இல் அந்த மாநகராட்சி திறந்த நாய்ப் பூங்கா 1.3 ஏக்கர், அதாவது ஏறத்தாழ 24 கிரவுண்டு. நம் பகுதிப் பூங்காக்களில் பல முழுவதும் சேர்ந்தே அந்த அளவுக்கு வராது. ஆகவே அங்கே பார்த்துவிட்டு வந்த படத்தை இங்கே சுருக்கி ஒட்டினால், பத்து நாய்கள் முட்டிக்கொண்டு நிற்கும் கூண்டுதான் கிடைக்கும். இடம் நெருக்கமானால் நாய்களுக்குள் சண்டை வருவதை நாய் வளர்ப்போர் எல்லோரும் அறிவார்கள்.

இரண்டையும் ஒரே வேலிக்கு இருபுறமும் வைப்பதை நான் எந்தப் பூங்காவிலும் ஏற்பதில்லை. வேகமாக விலகி ஓடும் பொருளைத் துரத்துவது நாயின் இயல்பு. தெருவில் இருசக்கர வாகனத்தைத் துரத்தும் நாயை நாம் தினமும் பார்க்கிறோம். சக்கரக் காலணி கட்டிய குழந்தை நாயின் கண்ணுக்கு அதைவிடச் சிறிய, அதைவிட நெருக்கமான இலக்கு. வேலி கடியைத் தடுக்கும். குரைப்பையும், வேலியை ஒட்டி நாய் கூடவே ஓடுவதையும், அதைப் பார்த்துப் பயந்த குழந்தை தடுமாறி விழுவதையும் வேலி தடுக்காது. சக்கரங்கள் காங்கிரீட்டில் எழுப்பும் ஓசை நாய்களையும் அமைதியிழக்கச் செய்கிறது. ஆகவே இரண்டுக்கும் இடையே ஒன்றையொன்று பார்க்க முடியாத அளவுக்கு அடர்த்தியான புதரோ, மண்மேடோ, ஒரு கட்டடமோ இருக்க வேண்டும். நுழைவாயில்களும் தனித்தனியே அமைய வேண்டும். இதற்கு இடமில்லாத பூங்காவில் ஒன்றை மட்டும் அமைத்துவிட்டு, மற்றதை அடுத்த வார்டில் உள்ள பூங்காவில் அமைப்பதே சரி. சங்கக் கூட்டங்களில் இதைச் சொல்லும்போது எதிர்ப்பு வருகிறது என்றாலும், நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

ஸ்கேட்டிங் தளம் என்ற சொல்லுக்குள் வெவ்வேறு விளையாட்டுகள் அடங்கியிருப்பதை மனுக்கள் பிரித்துச் சொல்வதில்லை. நான்கு சக்கரக் காலணியோடு தொடக்க வகுப்புக்கு வரும் ஆறு வயதுக் குழந்தைக்குத் தேவை சிறிய, சமமான தளம். வரிசைச் சக்கரங்கள் கொண்ட இன்லைன் காலணியில் வேகப் பயிற்சி எடுப்பவர்களுக்குத் தேவை வளைவுகளில் வெளிப்புறம் உயர்ந்த நீள்வட்டத் தடம். சர்வதேசப் போட்டிகளில் அதன் நீளம் 200 மீட்டர். டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட ஸ்கேட்போர்டுக்கோ குழிவான கிண்ணங்களும் சரிவுகளும் வேண்டும். இவை அனைத்துக்கும் ஒரே தளத்தைக் கொடுத்தால் யாருக்கும் பயன்படாது.

வேகப் பிரிவில் தமிழ்நாட்டுக்கு இப்போது பெருமைப்படக் காரணம் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் சீனாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டர் ஓட்டத்தை 1 நிமிடம் 24.924 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் பெற்றார். ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் 3000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற மகளிர் அணியில் தமிழ்நாட்டின் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரிராஜும் இருந்தார்கள். இந்த வெற்றிகளுக்குப் பிறகு குழந்தைகளைச் சேர்க்க விரும்பும் பெற்றோர் கூடியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் ஆனந்த்குமாரின் அந்த ஓட்டத்தின் சராசரி வேகம் மணிக்கு 42 கிலோமீட்டருக்கும் மேல். பழகிய சிறுவன் அதில் பாதி வேகத்தில் வந்தாலும் ஒரு விநாடியில் ஏறத்தாழ ஆறு மீட்டரைக் கடந்துவிடுகிறான். நாற்பது அடி நீளத் தளத்தில் அவனால் வேகம் எடுத்துவிட்டு நிற்க முடியாது. வகுப்பு நடத்தும் தளம் வேறு, போட்டிக்குத் தயாராகும் தடம் வேறு. பின்னதை மண்டல அளவில் ஒரு பெரிய திடலில் அமைப்பதற்குத்தான் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து குரல் கொடுக்க வேண்டும்.

பகுதிப் பூங்காவின் சிறிய தளத்துக்குத் திரும்புகிறேன். பேவர் பிளாக் கற்களின் இணைப்புகளில் சிறிய சக்கரம் சிக்கும். வழவழப்பான ஓடு ஈரத்தில் ஆபத்தானது. களத்தில் ட்ரீமிக்ஸ் என்று சொல்லப்படும், உபரி நீரை உறிஞ்சி இறுக்கிய காங்கிரீட்டை இயந்திரக் கரணையால் தேய்த்து முடிப்பதே நான் பார்த்தவற்றில் நீண்ட நாள் உழைத்த தளம். போட்ட மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி இரண்டு வாரம் பதப்படுத்த வேண்டும். திறப்பு விழாத் தேதி நெருங்குகிறது என்று இந்த இரண்டு வாரத்தைச் சுருக்கிய ஒரு தளம் ஆறே மாதத்தில் மாவு போலப் பொடிந்து, குழந்தைகளின் முழங்கால்களில் வெள்ளைப் புழுதியாக ஒட்டியதைப் பார்த்திருக்கிறேன். சுற்றுக் கம்பியில் கூர்முனையோ வெளியே நீட்டிய நட்டோ இருக்கக் கூடாது, ஏனென்றால் தொடக்க நிலைக் குழந்தை நிற்பதற்குக் கற்றுக்கொள்வதே கம்பியில் போய் மோதித்தான்.

மரத்தைப் பற்றி எந்த மதிப்பீட்டிலும் ஒரு வரி கூட இருப்பதில்லை. நிழல் வேண்டும் என்று தளத்தைப் புங்க மரத்தின் அடியில் வைத்துவிடுகிறார்கள். கோடையின் தொடக்கத்தில் புங்கம்பூ உதிரும்போது தளம் முழுவதும் பொரி கொட்டியது போல ஆகிவிடும். அந்தப் பூவின் மேல் சக்கரம் ஏறினால் உருளாது, வழுக்கும். பூ முடிந்த பிறகு காய் விழும். ஒரு பூங்காவில் பயிற்சியாளர் ஒருவர் தினமும் வகுப்புக்கு அரை மணி நேரம் முன்பே வந்து தென்னந்துடைப்பத்தால் தளம் முழுவதையும் பெருக்குவதைப் பார்த்தேன். அதன் பிறகும் விரல்நுனி அளவுள்ள ஒரு காய் ஓரத்தில் தங்கிவிட்டது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அதில் தட்டி விழுந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இதற்காக மரத்தை வெட்டச் சொல்வது கொடுமை. கிளை விரிவுக்கு வெளியே தளத்தை நகர்த்தினால் போதும். வகுப்புகள் காலையிலும் மாலையிலும் நடப்பதால் உச்சி வெயிலின் நிழலுக்கு அவசியமும் இல்லை. வேரும் தப்பும், பிற்காலத்தில் வேர் தூக்கித் தளம் வெடிப்பதும் தவிர்க்கப்படும்.

நாய்த் திடலில் நான் அதிகம் கவலைப்படுவது தண்ணீரைப் பற்றி. வடகிழக்குப் பருவமழையின்போது தேங்கி நிற்கும் நீரில் எலி, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல் பரவ வழியுண்டு. காலில் சிறு புண் இருந்தாலே போதும். நாயின் கழிவிலிருந்து வரும் கொக்கிப்புழுவின் இளம்புழு ஈர மண்ணில் வெறுங்காலில் நடப்பவரின் தோலுக்குள் புகும். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் தங்கும். எனவே திடல் பூங்காவின் தாழ்ந்த பகுதியில் இருக்கவே கூடாது. அதன் வடிநீர் குழந்தைகள் விளையாடும் மணலுக்குள் போகாமலும், முக்கியமாக மழைநீர் சேகரிப்புக் கிணற்றுக்குள் இறங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பூங்காக்களில் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் ஸ்பாஞ்ச் பூங்காக் குளங்களை மாநகராட்சி அமைத்துவருகிறது. நல்ல பணி அது. அதே பூங்காவில் நாய்த் திடலின் சரிவும் அந்தக் குளத்தை நோக்கி இருந்தால், நாம் குடிக்கப்போகும் நிலத்தடி நீரில் கழிவைக் கலக்கிறோம் என்று பொருள். ஒரு பூங்காவின் வரைபடத்தில் சரிவைக் காட்டும் அம்புக்குறிகள் அப்படித்தான் இருந்தன. வேலை தொடங்குவதற்கு முந்தைய வாரம் அதைக் கவனித்துத் திருப்பினோம்.

வேலியின் உயரத்தை நான்கடியோடு நிறுத்துவது வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வரைவதன் விளைவு. நம் வீடுகளில் சிப்பிப்பாறையும் கன்னியும் வளர்கின்றன. முயல் வேட்டைக்கென்று பழக்கப்பட்ட அந்த இனங்களுக்கு நான்கடி ஒரு தடையே இல்லை. ஆறடி வேண்டும், அடியில் தோண்டி வெளியேறாதபடி ஓர் அடி ஆழத்துக்குக் காங்கிரீட் பட்டை வேண்டும். வாயிலில் இரண்டு கதவுகளும், நடுவில் ஒருவர் நாயோடு நின்று கழுத்துவாரைக் கழற்றிக்கொள்ளும் அளவுக்குச் சிறு அறையும் இருக்க வேண்டும். சிறிய நாய்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்க வேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் நம் கோடையில் மூச்சு வாங்கிச் சுருண்டுவிடும் என்பதால், திடலைக் காலை எட்டரை மணிக்கு மூடி மாலை ஐந்தரைக்குத் திறப்பது நாய்களுக்கே நல்லது. பகலில் மர நிழல் அந்த வீட்டு வேலைப் பெண்களுக்குத் தொடர்ந்து கிடைக்கும் என்பதையும் சேர்த்தே இந்த நேரத்தை நான் பரிந்துரைக்கிறேன். உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் இல்லாத நாயை உள்ளே விடக் கூடாது. மாநகராட்சி உரிமத்தை ஏற்கெனவே கட்டாயமாக்கியிருப்பதால் காவலாளி கேட்பதற்கு அடிப்படையும் இருக்கிறது.

அந்த மூன்று தெருநாய்களை என்ன செய்வது என்ற கேள்வியை எல்லோரும் கடைசியில்தான் எழுப்புகிறார்கள். பிடித்துக்கொண்டுபோய் வேறெங்காவது விட்டுவிடுங்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். உணவிடும் இடம் குழந்தைகள் விளையாடும் பகுதியிலிருந்தும் நுழைவாயில்களிலிருந்தும் விலகியிருக்க வேண்டும். அதே வேளையில், 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றோடு பொது விளையாட்டு வளாகங்களிலிருந்தும் நாய்களை அகற்றச் சொல்கிறது. பெரிய அளவில் ஸ்கேட்டிங் தடம் அமைப்பவர்கள் இதைப் பற்றி முன்கூட்டியே சட்ட ஆலோசனை பெற வேண்டும். சிறிய பூங்காவில், ஏற்கெனவே குடியிருக்கும் நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, உணவிடும் இடத்தையும் நகர்த்திய பிறகே திடலைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் நாய்கள் நின்று நாள் முழுவதும் குரைக்கும்.

தென்சென்னைப் பூங்காவில் கடைசியில் நாய்த் திடலை நாங்கள் அமைக்கவில்லை. இருந்த இடம் அதற்குப் போதாது என்பதைப் பகுதி சபைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னபோது, நாய் வளர்க்கும் குடும்பங்களிடம் இருந்த வருத்தம் நியாயமானது. அவர்களில் இருவர் அடுத்த வார்டில் உள்ள மேடான நிலத்தை நேரில் பார்த்துவர ஒப்புக்கொண்டார்கள். ஸ்கேட்டிங் தளத்தை மட்டும், எட்டு நடைத் தடத்தைத் தொடாமல், தூங்குமூஞ்சி மரத்துக்கு அப்பால் தள்ளி அமைத்தோம்.

தளத்தை ஏற்றுக்கொள்ளும் நாளில் நான் தவறாமல் செய்வது ஒன்று உண்டு. ஒரு லாரித் தண்ணீரைத் தளம் முழுவதும் பாயவிட்டு, ஒரு மணி நேரம் வெயிலில் காயவிட்டுத் திரும்பி வருவேன். எங்கேனும் தண்ணீர் தேங்கி நின்றால் அதில் ஒரு ரூபாய் நாணயத்தைப் படுக்கவாட்டில் வைத்துப் பார்ப்பேன். நாணயம் முழுவதும் மூழ்கினால் அந்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்த பிறகே கையெழுத்து. உங்கள் பகுதியில் தளம் கட்டி முடியும் நாளில் சங்கத்திலிருந்து ஒருவர் இந்தச் சோதனையைக் கேட்டுப் பெறலாம். அதற்குத் தேவை ஒரு நாணயமும் ஒரு மணி நேரமும் மட்டுமே.