தெஹெஸ்தான்: ஊரக மாவட்டம் அல்ல, குறுவட்டம்

ஈரானைப் பற்றிய தமிழ்க் குறிப்புகளில் ‘இந்த ஊரக மாவட்டத்தில் மூவாயிரம் பேர் வாழ்கிறார்கள்’ என்கிற மாதிரி வரிகள் மலிந்துவிட்டன. மூவாயிரம் பேருக்கு ஒரு மாவட்டமா? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே ஆகக் குறைந்த மக்கள்தொகை காட்டிய பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேர்.

மூலச்சொல் தெஹெஸ்தான். பாரசீகத்தில் ‘தெஹ்’ என்றால் சிற்றூர். ‘ஸ்தான்’ நம் தேவஸ்தானத்தில் இருக்கிற ஸ்தானத்துக்கு உறவு. ஊர்கள் சேர்ந்த இடம், அவ்வளவுதான்.

குழப்பம் ஆங்கிலம் வழியாக வந்தது. ஈரானில் ஆகப் பெரிய நிர்வாகப் பிரிவு ஒஸ்தான், அதற்குள் ஷஹ்ரெஸ்தான், அதற்குள் பக்ஷ், அதற்கும் கீழே தெஹெஸ்தான். கடைசி இரண்டுக்குமே ஆங்கிலத்தில் ‘டிஸ்ட்ரிக்ட்’ ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்தவர்கள் பக்ஷை மாவட்டம் என்றும் தெஹெஸ்தானை ஊரக மாவட்டம் என்றும் எழுத, மாவட்டத்துக்குள் மாவட்டம் முளைத்துவிட்டது. ஷஹ்ரெஸ்தான் பாவம், ‘கவுண்டி’ ஆகிவிட்டது. ‘ஷஹ்ர்’ நகரம்தானே என்று அதை மாநகரம் ஆக்கியவர்களும் உண்டு. அதற்குள் நூற்றுக்கணக்கான சிற்றூர்கள் கிடப்பது அவர்கள் கண்ணில் படவில்லை.

ஈரானின் நிர்வாகப் பிரிவுகளை வரையறுக்கும் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்தாலே அளவு விளங்கும். ஊர் என்றால் குறைந்தது 20 குடித்தனம் அல்லது 100 பேர். தெஹெஸ்தான் என்றால், மக்கள் நெருக்கமான பகுதியில் 8,000, நடுத்தரத்தில் 6,000, மக்கள் அருகிய பகுதியில் 4,000 பேர் வேண்டும். பிறகு ஆட்கள் நகரத்துக்குப் போய்விட்டால் அதற்கும் கீழே இறங்கும்.

நம்மிடம் இதற்கு அச்சாகப் பொருந்தும் சொல் இருக்கிறது: குறுவட்டம். வட்டத்துக்குக் கீழே, கிராமங்களுக்கு மேலே உள்ள படி. பேச்சில் பிர்கா, அது அரபிச் சொல் என்பதால் தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிப்பார்கள். குறுவட்டம் அரசாணையிலேயே புழங்குவது, யாருக்கும் உறுத்தாது. ‘ஊர்த்தொகுதி’ என்று ஒரு புத்தாக்கம் வலம் வருகிறது. தூய தமிழ்தான், ஆனால் தொகுதி என்றதும் நமக்கு எம்.எல்.ஏ. ஞாபகம்தான் வரும். ‘ஒன்றியம்’ என்றாலும் அதே வம்பு: தேர்தல், கவுன்சிலர், சேர்மன். தெஹெஸ்தானைப் பார்த்துக்கொள்ளும் தெஹ்தார் அரசு அதிகாரி, நம் தாசில்தாரில் உள்ள அதே ‘தார்’. குறுவட்டம் வருவாய்த்துறைப் பிரிவு, தெஹெஸ்தான் அப்படியல்ல என்று ஒரு மறுப்பு வரலாம். வரட்டும். பெயர் காட்ட வேண்டியது படியை. அதில் குறுவட்டம் தேறுகிறது.

அப்படியானால் பக்ஷ் வட்டம், ஷஹ்ரெஸ்தான் மாவட்டம், ஒஸ்தான் மாகாணம். ஷஹ்ரெஸ்தான் பலவற்றுக்கு மாவட்டம் தொளதொளச் சட்டைதான். ஆனாலும் மாகாணத்துக்கு அடுத்த படி அதுவே.

ஊர்ப்பெயரிலும் இதே கூத்து. கஸ்வீன் மாகாணத்தின் அலமூத் பள்ளத்தாக்கில் ‘அலமூத்-எ பாலா’, ‘அலமூத்-எ பாயின்’ என இரண்டு தெஹெஸ்தான்கள். பாலா ஆள்பெயர் அல்ல. மேல் அலமூத், கீழ் அலமூத், அவ்வளவே. மேலூரும் கீழூரும் தெரிந்த நமக்கு இது புரியாதா?

இன்னொன்று: கணக்கெடுப்பில் வரும் ‘கானெவார்’. இதைக் குடும்பம் என்று போடுகிறார்கள். கணக்கெடுப்பில் எண்ணுவது ஒரே கூரையின் கீழ் ஒன்றாக உண்டு வாழ்பவர்களை. மணமாகி வேறூரில் தனியே உலை வைக்கும் மகனும் நமக்குக் குடும்பம்தான், ஆனால் அந்தக் கணக்கில் சேரமாட்டான். எனவே குடித்தனம் என்றே எழுதலாம். 2016 கணக்கெடுப்பில் ஈரானின் சராசரி, குடித்தனத்துக்கு 3.3 பேர். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் பிழை பிடிப்பது சுலபம்: மூவாயிரம் பேர் உள்ள குறுவட்டத்துக்கு ஏறக்குறைய 900 குடித்தனம் வரவேண்டும். 90 என்றோ 9,000 என்றோ இருந்தால், எழுதியவர் ஒரு சுழியைத் தவறவிட்டிருக்கிறார், அல்லது கூடுதலாகப் போட்டிருக்கிறார்.