ஒரே புரதம், இரண்டு வேலை

புரதம் என்றால் உடம்பை வளர்ப்பது என்றுதான் பலரும் சொல்வோம். அதன் வேலைகளில் அது ஒரு பங்குதான். 20 வகை அமினோ அமிலங்கள் வெவ்வேறு வரிசையில் கோத்துக்கொண்டு, மடிந்து, ஒவ்வொரு புரதமும் தனக்கென ஒரு வடிவம் எடுக்கிறது. வேலையைத் தீர்மானிப்பது அந்த வடிவம்தான். அதனால் புரதங்களை வேலையை வைத்துப் பிரிப்பது வசதியாக இருக்கிறது.

எலும்பு, தோல், தசைநாண் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் கட்டமைப்புப் புரதம். மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். இந்த அமைப்பை 1950களில் விளக்கியவர்களில் இந்திய அறிவியலாளர் ஜி. என். ராமச்சந்திரன் முக்கியமானவர். முறுக்கு இறுக்கமாக அமைய, இழையில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருந்தாக வேண்டும். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. நடுவில் இருக்கும் இடுக்கில் வேறு எதுவும் அடங்காது. ஓரிடத்தில் கிளைசின் மாறிப்போனால்கூட, லேசாக அடிபட்டாலே எலும்பு முறியும் நோய் வரலாம். ஒற்றை அமினோ அமிலத்துக்கு இவ்வளவு பொறுப்பு!

ஹீமோகுளோபின் கடத்தும் புரதம். அதன் நான்கு சங்கிலிகளில் ஒன்று ஆக்சிஜனைப் பிடித்ததும் மொத்த வடிவமும் சற்று நகர்ந்து, மற்றவை பிடிப்பது சுலபமாகிறது. அப்புறம் நொதிகள். இவை வேதிவினைகளை விரைவுபடுத்துகின்றன. சேதி சொல்ல இன்சுலின், கிருமியை அடையாளம் காண ஆன்டிபாடி, இரும்பைச் சேமிக்க ஃபெரிட்டின் என்று பட்டியல் நீளும்.

சரி, தசையைச் சுருக்கும் மயோசினை எதில் சேர்ப்பது? இயக்கப் புரதம் என்றே பாடநூல்கள் சொல்கின்றன. ஆனால் செல்லின் ஆற்றல் நாணயம் போன்ற ஏடிபி மூலக்கூறை உடைத்து, அதில் கிடைக்கும் ஆற்றலால்தான் அது தசையிலுள்ள ஆக்டின் என்ற இன்னொரு புரத இழையை இழுக்கிறது. உடைப்பது நொதியின் வேலை ஆயிற்றே! ஒரு புரதத்துக்கு ஒரு பெட்டிதான் என்று வைத்தால் பாதி உண்மை விட்டுப்போகும்.

அதனால்தான் மரபணுக்களும் அவை உருவாக்கும் புரதங்களும் செய்யும் வேலைகளை வகைப்படுத்த 1998இல் தொடங்கிய ஜீன் ஆன்டாலஜி திட்டம் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறது: இந்த மூலக்கூறு என்ன செய்கிறது, எந்தப் பெரிய நிகழ்வில் பங்கெடுக்கிறது, செல்லில் எங்கே இருக்கிறது? எனக்கு மூன்றாவது கேள்விதான் மிக முக்கியமாகப் படுகிறது. சைட்டோகுரோம் சி என்ற புரதம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும்வரை எலக்ட்ரான்களைக் கடத்தி, செல்லுக்கு ஆற்றல் கிடைக்க உதவுகிறது. அதுவே வெளியே கசிந்து சைட்டோபிளாசத்துக்கு வந்துவிட்டால், வேறு புரதங்களோடு சேர்ந்து அந்தச் செல்லின் திட்டமிட்ட மரணத்தைத் தொடங்கி வைக்கிறது.