கலரியா, களரியா?

திருகோணமலையில், கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே, ஒரு பழைய ஓட்டு வீட்டின் முன் விறாந்தையையும் நடு ஹோலையும் வெள்ளையடித்து ஓவியக் கண்காட்சி வைக்கத் தொடங்கினாள், என்னிடம் முன்பு தமிழ் படித்த பிள்ளை ஒருத்தி. பதினைந்து இருபது படம், ஒரு மேசை, ஒரு மின்விசிறி, வருகிறவர்கள் பெயரெழுத ஒரு சீ.ஆர். கொப்பி. அவ்வளவுதான் மூலதனம். வாசலில் பெயர்ப்பலகை வேண்டும், மூன்று மொழியிலும் வேண்டும். சிங்களத்தில் 'கலாகாரய' என்று ஒரே சொல் தயாராக இருந்தது. ஆங்கிலத்தைப் பற்றிக் கேள்வியே இல்லை. தமிழில் வந்துதான் தூரிகை நின்றது.

"சேர், கலரிக்குத் தமிழ் என்ன?" என்று தொலைபேசியில் கேட்டாள். பின்னால் பலகை எழுதுகிற அண்ணர் செருமுவது கேட்டது. பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தது போல.

கலைக்கூடம் என்று உடனே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, ஒரு கிழமை தவணை கேட்டேன்.

முதலில் கலரி என்ற சொல்லையே பார்ப்போம். நாற்பது வயதைத் தாண்டிய திருகோணமலைக்காரரிடம் கலரி என்றால் அவருக்கு ஓவியம் நினைவு வராது. தியேட்டர்தான் வரும். திரைக்கு மிக அருகே, கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய, மிக மலிவான வாங்குகள். விசில் பறந்த இடம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இங்கிலாந்தின் நாடக அரங்குகளில் கலரி இருந்தது மேலே, கூரையை ஒட்டி. அங்கேயும் அதுதான் மலிவு இருக்கை. கடல் தாண்டி இலங்கையின் படமாளிகைகளுக்கு வந்தபோது மாடியிலிருந்து இறங்கித் தரைக்கு வந்துவிட்டது, மலிவு மட்டும் மாறவில்லை. தமிழ்நாட்டில் கேலரி என்று எழுதுவார்கள், அங்கே அது கிரிக்கெட் மைதானத்தின் படிவரிசை. இன்றைய பிள்ளைகளைக் கேட்டால் கைபேசியில் படங்கள் கிடக்கும் இடம் என்பார்கள்.

சொல்லின் வேர் இதைவிடச் சுவையானது. ஆங்கிலத்துக்கு அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கு முன் இத்தாலியத்தில் 'கல்லேரியா', இடைக்கால இலத்தீனில் 'கலேரியா'. அந்த இலத்தீன் சொல் 'கலிலேயா' என்பதன் திரிபாக இருக்கலாம் என்று சொல்லாய்வாளர் கருதுகிறார்கள். ஆம், வேதாகமத்தில் வரும் அதே கலிலேயாதான். எருசலேமிலிருந்து தூரத்தில் கிடந்த நாடு என்பதால், தேவாலயத்தில் பலிபீடத்திலிருந்து மிகத் தள்ளி இருக்கும் முன்மண்டபத்துக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு அரண்மனைகளின் நீண்ட நடைகளுக்கும் அது பெயரானது. மழைக்கும் வெயிலுக்கும் உள்ளேயே உலாவ ஒரு நடை. உலாவுகிற கண்ணுக்கு வேலை கொடுக்கச் சுவரில் படங்களும் ஓரத்தில் சிலைகளும். புளோரன்ஸ் நகரின் புகழ்பெற்ற உஃபீட்சி, 1560இல் அரசாங்க அலுவலகங்களுக்காகக் கட்டத் தொடங்கிய கட்டடம். உஃபீட்சி என்றாலே கந்தோர்கள் என்றுதான் பொருள். அதன் மேல்மாடி நடையில் மெடிச்சி குடும்பத்தார் தங்கள் சேகரிப்பை வைத்தார்கள். நடையின் பெயர் மெல்ல மெல்லப் படம் பார்க்கும் இடத்தின் பெயராயிற்று.

ஆக, கலரி என்றால் ஆதியில் விறாந்தை. நம் பிள்ளை விறாந்தையில் படம் மாட்டியது தெரியாமலே செய்த வேர்ப்பொருள் விளக்கம். (விறாந்தை மட்டும் தமிழா என்று கேட்காதீர்கள். அது போர்த்துக்கேயர் விட்டுப்போனது. திண்ணை என்று எழுதலாம்தான், ஆனால் திண்ணையில் படம் மாட்டினால் ஆடு வந்துவிடும். எங்கள் ஊரில் மானும் வரும்.)

இனித் தமிழ்ச் சொற்கள். கைக்கு எட்டிய தூரத்தில் கலைக்கூடம், காட்சிக்கூடம், காட்சியகம், கலாபவனம், ஓவியச்சாலை எல்லாம் கிடக்கின்றன.

கலைக்கூடத்தில் எனக்கு ஒரு சங்கடம். கூடம் என்றதும் பள்ளிக்கூடம், ஆய்வுகூடம், பட்டறை என்று வேலை நடக்கும் இடமே மனதில் வருகிறது. இந்த ஊரில் கலைக்கூடம் என்று பலகை போட்டால் அடுத்த நாள் யாராவது ஒரு தாய் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, பரதநாட்டிய வகுப்பு எந்தக் கிழமை என்று கேட்பார். காட்சியகம் நல்ல சொல், ஆனால் காட்சியறைக்கு மிக அருகில் நிற்கிறது. காட்சியறை என்பது மோட்டார் சைக்கிள் விற்கிற இடம். கலாபவனம் கொழும்பில் பழகிய சொல். அதே பெயருள்ள கலைப்பள்ளியைத் தாகூர் 1919இல் சாந்திநிகேதனில் தொடங்கினார். அழகுதான், ஆனால் பவனம் என்றால் மாளிகை. ஓட்டு வீட்டுக்கு அது கொஞ்சம் பெரிய சட்டை.

ஓவியச்சாலைதான் எனக்கு மிகவும் ஆசையாக இருந்தது. இலங்கைத் தமிழர் 'சாலை'யைப் பழைய பொருளிலேயே இன்னும் ஆள்கிறோம்: பாடசாலை, வைத்தியசாலை, நூதனசாலை. தமிழ்நாட்டில் அருங்காட்சியகம் என்பதை நாம் நூதனசாலை என்கிறோம். நூதனம் என்றால் புதுமை. பழம்பொருள் வைக்கிற இடத்துக்குப் புதுமைச்சாலை என்று பெயர் வைத்தவருக்கு என்ன மனநிலையோ! சரி, அது கிடக்கட்டும். சிக்கல் என்னவென்றால், பாக்கு நீரிணையைத் தாண்டினால் சாலை என்பது றோட்டு. சென்னையிலிருந்து வரும் ஓவியர் ஒருவர் அழைப்பிதழில் ஓவியச்சாலை என்று பார்த்தால், படங்கள் வீதியோரம் மாட்டப்பட்டிருக்கும் என்றே எண்ணுவார்.

பழைய தமிழில் இந்த இடத்துக்குச் சொல் இல்லாமல் போகவில்லை. பாண்டியருள் ஒருவன் பெயரே 'சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன்'. சித்திரமாடத்தில் இறந்தவன் என்று பொருள். பரிபாடல் இன்னும் கிட்டப் போய்க் காட்டுகிறது. திருப்பரங்குன்றத்தில் ஓவியம் தீட்டிய மண்டபம் ஒன்றை அதன் 18ஆம் பாடல் 'எழுதெழில் அம்பலம்' என்கிறது, 19ஆம் பாடல் 'எழுத்துநிலை மண்டபம்' என்கிறது. எழுத்து என்றால் இங்கே ஓவியம். கண்ணுக்கு மை எழுதுவது, சித்திரம் எழுதுவது என்று இன்றும் சொல்கிறோமே, அந்த எழுத்து.

19ஆம் பாடலை எழுதிய நப்பண்ணனார் மண்டபத்தின் நீள அகலம் சொல்லவில்லை. உள்ளே வந்த சனத்தைச் சொல்கிறார். ஞாயிறும் கோள்களும் தீட்டிய படத்தின் முன் சிலர் நிற்கிறார்கள். இன்னொரு படத்தைக் காட்டி இவள் யார், இவன் யார் என்று பெண்கள் கேட்க, இவள் இரதி, இவன் காமன் என்று கூட வந்தவர்கள் பதில் சொல்கிறார்கள். அப்புறம் ஒரு பூனை. 'இந்திரன் பூசை' என்று விளக்குகிறார் ஒருவர். பூசை என்றால் பூனை. இந்திரன்தான் பூனையாக நழுவுகிறான், இவள் அகலிகை, இவன் கௌதமன், அவன் சினத்தால் இவள் கல்லான விதம் இது. கிட்டத்தட்ட ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன்பே ஒரு ஓவியக் கண்காட்சியில் கேட்ட பேச்சு இவ்வளவு தெளிவாகப் பதிவாகியிருப்பது அபூர்வம். 'விரகியர் வினவ வினாஇறுப் போரும்' என்ற, கேள்வியும் பதிலுமான அந்த அடியை நான் ஒரு கிழமையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் எழுதெழில் அம்பலம் என்று பலகையில் எழுத முடியுமா? எழுதலாம். கோயில் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு வருவார்கள்.

இதற்கிடையில் உள்ளே ஒட்ட வேண்டிய சிட்டைகளின் தமிழும் என்னிடம் வந்து சேர்ந்தது. யாரோ அவசரத்தில் மொழிபெயர்த்தது. 'கலப்பு ஊடகங்கள்' என்று ஒரு படத்தின் கீழ் இருந்தது. ஊடகம் என்றால் நமக்குப் பத்திரிகையும் தொலைக்காட்சியும்தான். படத்தில் இருந்ததோ சாக்குத்துணி, தார், மீன்வலைத் துண்டு. 'சாக்கு, தார், வலை' என்று எழுதினால் போதும் என்றேன். இன்னொன்றில் 'தலைப்பிடப்படாதது'. தலைப்பில்லை என்று இரண்டு நொடியில் முடிகிற விஷயம். தரையில் உப்பைக் குவித்து அதன்மேல் பழைய துடுப்பை வைத்திருந்த படைப்புக்கு 'ஸ்தாபனக் கலை' என்று இருந்தது. அந்தச் சொல் இங்கே கொஞ்சக் காலமாகவே புழங்குகிறது, ஆனாலும் ஸ்தாபனம் என்றால் கம்பனி என்று எடுத்துக்கொள்கிற சனம் நாம். நிறுவல் என்பது மேல். நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பதாவது காதில் விழும்.

'சமகாலக் கலை' என்பதை நான் தொடவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒன்று சொன்னேன். சமகாலம் தனித்து நிற்காத சொல், யாருக்குச் சமகாலம் என்று கேட்கும். இன்னாருக்குச் சமகாலத்தவர் இன்னார் என்பதுதானே நம் வழக்கு. ஆங்கிலச் சொல்லும் இலத்தீனில் 'காலத்தோடு சேர்ந்து' என்ற பொருளில்தான் பிறந்தது. ஆகவே சமகாலக் கலை என்றால், பார்க்கிற நமக்குச் சமகாலம். நவீன ஓவியம் வேறு. 1943இல் கொழும்பில் லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற் முதலானோர் கூடி அமைத்த '43 குழு என்ற கலைஞர் கூட்டம் நவீனம். அவர்கள் இன்று நம் தாத்தாமார். விளங்காத படம் எல்லாவற்றையும் மொடர்ன் ஆர்ட் என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது நம் பழக்கம். அதை ஒரு சிட்டையால் மாற்ற முடியாது.

'சுயாதீன' என்ற அடைமொழியைப் பலகையில் சேர்க்கவா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றேன். அரசுக்குச் சொந்தமான தொலைக்காட்சி ஒன்றுக்கே இந்த நாட்டில் அந்தப் பெயர் உண்டு.

கண்காட்சி என்ற சொல்லில் மட்டும் எனக்கு எந்தக் குறையும் இல்லை. காட்சி என்றாலே காண்பதுதானே, அதற்கு மேல் கண் எதற்கு என்று இலக்கணக்காரர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் காட்சிக்குத் தமிழில் வேறு வீடுகளும் இருக்கின்றன. வள்ளுவரின் 'மாசறு காட்சி' அறிவு. கோணேசர் காட்சி கொடுத்தார் என்றால் அது அருள். இது வெறும் கண்ணால் பார்ப்பது, வாருங்கள், காசும் இல்லை என்று அந்த முன்னொட்டு சொல்கிறது. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர் 'வெளியே நீட்டிப் பிடி' என்பது. நீட்டுகிறவரின் பக்கமிருந்து பிறந்த சொல் அது. நம்முடையது பார்க்கிறவரின் கண்ணிலிருந்து தொடங்குகிறது.

விபுலாநந்த அடிகள் எங்கள் ஊர் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். அவர் நடந்த வீதியில் இருந்துகொண்டு ஒரு பலகைக்குச் சொல் இல்லை என்று கைவிரிக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியில் சொல் மட்டக்களப்புப் பக்கமிருந்து வந்தது. கூத்து ஆடும் இடத்தை அங்கே களரி என்பார்கள். நடுவில் ஆட்டம், சுற்றி நாலு பக்கமும் சனம், அது வட்டக்களரி. கூத்து முதன்முதலில் முழு உடுப்போடு ஏறும் இரவை அரங்கேற்றம் என்றாலும், ஏறுவது களரியில்தான். களம் என்பதோடு உறவுள்ள சொல், கேரளத்தில் வாள் சுழற்றும் இடத்துக்கும் அதே பெயர். களரியில் சும்மா உட்கார்ந்து பார்க்கிற வழக்கம் இல்லை. கூத்துப் பழக்கிய அண்ணாவியாரைப் புகழ்வார்கள், பிழைவிட்டவனை அங்கேயே நையாண்டி செய்வார்கள், இடையில் எழுந்து போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து கதை எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்கள். நப்பண்ணனாரின் மண்டபத்தில் இருந்த அதே சத்தம். பெரிய நகரத்துப் பளிங்குக் கட்டடங்களுக்குக் காட்சிக்கூடம் பொருந்தும், அவர்கள் அதை வைத்துக்கொள்ளட்டும். ஓட்டு வீட்டுக்கு ஓவியக் களரி. வாயில் ஏற்கெனவே பழகிய கலரியின் ஓசையும் கெடவில்லை.

"களரியா? கூத்துப் போடப் போறீங்களோ?" என்று பலகை எழுதும் அண்ணர் கேட்டாராம். ஆனாலும் எழுதினார். 'ள'வின் சுழியை அவர் வளைத்த விதத்துக்கே ஒரு சட்டம் போடலாம்.

போன மாதம் நான் அங்கே இருந்தபோது ஒரு ஓட்டோ வந்து நின்றது. ஓட்டுகிற தம்பி தலையை வெளியே நீட்டி, "அக்கா, போர்ட்டில எழுத்துப் பிழை. கலரிக்கு மற்ற 'ல' எல்லோ வரும்?" என்றான். அவள் சிரித்துவிட்டு உள்ளே வரச் சொன்னாள். விறாந்தையில் முதலாவதாக மாட்டியிருந்தது ஒரு புள்ளிமான், வாயில் பொலித்தீன் பை, பின்னால் கடல் மங்கலாக. ஓட்டோத் திறப்பை விரலில் சுழற்றியபடி கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இது எந்த இடம்? கோட்டையடியோ?"

"இல்லை, ஸ்டேடியத்துக்கு முன்னால."

"அப்ப இந்த மான் எனக்குத் தெரியும்" என்றான்.