ஒரு நாளில் எட்டு இடமா?

போன மாதம் ஒருவர் போனில் கூப்பிட்டார். "அண்ணாச்சி, காலைல ஆறு மணிக்கு நெல்லை ஜங்ஷன்ல இறங்குதோம். நெல்லையப்பர், கிருஷ்ணாபுரம், பாபநாசம், காரையாறு, மணிமுத்தாறு, குற்றாலம், தென்காசி. அப்படியே புளியரை மலை ஏறிப் பாலருவி. ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறிரணும்." எட்டு இடம். கூடவே இரண்டு சின்னப் பிள்ளைகள், எழுபது வயது அம்மா.

வண்டி ஓட்டிக்கொண்டே இடத்தையும் சுற்றிக் காட்டும் இந்தத் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மேப்பில் போட்டால் அவர் கணக்கு கிட்டத்தட்ட சரியாகத்தான் வரும். ஆனால் நண்பகல் வாக்கில் கோயில் நடை சாத்தினால் மறுபடி திறக்கச் சாயங்காலம் ஆகும் என்பது மேப்புக்குத் தெரியாது. வனத்துறை செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்பதும், மூன்றாவது வளைவில் சின்னவன் வாந்தி எடுப்பான் என்பதும் தெரியாது. இங்கெல்லாம் விட்ட நேரத்தை ஓட்டுநர் எங்கே பிடிப்பார்? மலை இறக்கத்தில்தான். எனக்குப் பயமே அதில்தான்.

பல வருஷத்துக்கு முன்னால் மாஞ்சோலையில் தேயிலைத் தோட்டம் நடந்துகொண்டிருந்த காலம். அனுமதி வாங்கி ஒரு குழுவைக் கூட்டிப் போனோம். அன்றைக்கு ஓட்டியவர் நான் இல்லை, வாடகைக்கு எடுத்த வேன். மேலே ஊத்து எஸ்டேட் வரை போய்த் திரும்பும்போது நேரமாகிவிட்டது. மணிமுத்தாறு அணை கீழே தெரிகிற இடத்தில் ரப்பர் கருகுவதுபோல் ஒரு வாடை. ஓட்டுநர் நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மிதித்தபடியே இறங்கிக்கொண்டிருந்தார். "டீசல் மிச்சம் அண்ணாச்சி" என்றார். ஓரங்கட்டச் சொல்லி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சக்கரத்தின் பக்கம் கை வைக்க முடியவில்லை.

பிரேக் என்பது உரசல். உரசினால் சூடு. சூடு ஏற ஏற அதன் பிடிமானம் குறையும். பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. அதனால் ஏறும்போது எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். வண்டியைப் பிடித்து வைக்கிற வேலையை எஞ்சின் பார்த்துக்கொள்ளும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவதோ இன்னும் மோசம். நாலைந்து மிதியில் பிரேக் கல்லாக இறுகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் கைவிடும். டீசல் மிச்சம் என்பதும் வெறும் நம்பிக்கை. இப்போது வருகிற வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தாலே எஞ்சினுக்கு டீசல் போவது நின்றுவிடும். நியூட்ரலில் எஞ்சின் ஓடுவதற்குத்தான் டீசல் வேண்டும்.

குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவர் நிறுத்திக் கொடுக்க வேண்டும், சட்டமே அதுதான். புளியரை எஸ் வளைவில் கேரளாவுக்குச் சுமையோடு போகும் லாரி திரும்பச் சாலை முழுவதும் தேவைப்படும். அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிப்பதில் ஒரு பயனும் இல்லை.

வாந்திக்கு என் வைத்தியம் எளிது. வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது, வெறும் வயிறும் கூடாது. முன் இருக்கை, பார்வை தூரத்தில், செல்போன் பைக்குள். அவ்வளவுதான்.

குற்றாலம் வேறு மாதிரி. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். கீழே வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்தால் தண்ணீர் நிமிஷத்தில் வந்துவிடும். அருவி கலங்கலாக மாறினால், இலையும் குச்சியும் சேர்ந்து விழுந்தால், இரைச்சல் கூடினால் சோப்பைக்கூட எடுக்க நிற்காமல் வெளியேற வேண்டும். காவலர் விசில் அடிக்கிறார் என்றால் அவரிடம் வாதாடாதீர்கள்.

கோயிலில் அவசரம் வேறு வேலை செய்யும். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைச் சாவியாலும் நாணயத்தாலும் தட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஐந்து நிமிஷத்தில் கிளம்புகிறவர்கள்தான். ஒரே கல்லில் நெருக்கமாகச் செதுக்கிய மெல்லிய தூண்கள் அவை, எத்தனை தலைமுறை அடி தாங்கும்? பாபநாசத்தில் முங்கிவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விடுகிறவர்களிடமும் சொல்லிப் பார்த்துவிட்டேன். பாவம் போகிறதோ என்னவோ, துணி தாமிரபரணியில் கிடந்து மட்கிக் கிடக்கிறது.

சரி, அந்த எட்டு இடத்துக்காரரிடம் நாலு இடம் போதும் என்றேன். காலையில் திருப்புடைமருதூர். தாமிரபரணியும் கடனாநதியும் சேரும் ஊர், மரங்களில் நாரைகள் கூடு கட்டும். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்ளே மரச் சிற்பங்களும் நாயக்கர் காலச் சுவரோவியங்களும் உண்டு. அதில் குதிரைகளை ஏற்றி வரும் கப்பல் ஒன்று இருக்கிறது. கடலைக் காணாத இந்த ஊரில் அதை வரைந்தவனை நினைத்து எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். அனுமதி கிடைத்தால் ஏறலாம், ஃபிளாஷ் வேண்டாம், சுவரில் சாயவும் வேண்டாம். அப்புறம் பாபநாசம், காரையாறு. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்க ஒரு கால் மணி நேரம் (இதை விட்டால் அம்மாக்கள் என்னை விடமாட்டார்கள்). கடையம் வழியாகப் போய், நடை திறக்கும் நேரத்துக்குத் தென்காசி.

அங்கே நான் காட்டுவது பராக்கிரம பாண்டியன் பாடியதாகச் சொல்லும் ஒரு பாட்டு. இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரைப் பணிகிறேன் என்கிறான். பதினைந்தாம் நூற்றாண்டு அரசன், இனிமேல் வரப்போகிற முகம் தெரியாதவர்களுக்குச் சொன்னது. அந்த அம்மா அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள். சின்னவன் கோபுர வாசலுக்கும் பிராகாரத்துக்கும் ஓடி ஓடி, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனை வண்டியில் ஏற்றத்தான் நேரமாயிற்று. ரயில் கிடைத்தது.