நாய் இளைக்கும்போது என்ன நடக்கிறது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார்: "அண்ணா, எங்கட ஒழுங்கையில நாலு வீட்டு நாய்களைச் சேர்த்து ஃப்ளைபால் பழக்குறம். எங்கட பக் நாய் ரெண்டு தரம் ஓடினாலே நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்குது. நாய்க்கு நாக்காலதான் வேர்க்கும், பயப்படாதே எண்டு அம்மம்மா சொல்றா. சரியோ?"

ஃப்ளைபால் என்பது நாலு நாய்கள் ஓடும் அஞ்சலோட்டம். 51 அடிப் பாதை, 4 தடைகள். முனையில் இருக்கும் பெட்டியை நாய் மிதித்தால் ஒரு டென்னிஸ் பந்து துள்ளி வரும். அதைக் கவ்விக்கொண்டு திரும்பி வந்த பிறகுதான் அடுத்த நாய் தொடக்கக் கோட்டைத் தாண்டலாம். திறமான அணிகள் நாலு நாயையும் 15 விநாடிக்குள் ஓட்டி முடித்துவிடுகின்றன. தடையின் உயரத்தை அணியிலுள்ள ஆகக் கட்டையான நாய்தான் தீர்மானிக்கும். பக் போன்ற ஒன்றைச் சேர்த்தால் எல்லோருக்கும் தடை தாழும். ஆசை வருவது இயல்புதான்.

சரி, கேள்விக்கு வருவோம். நாய்க்கு நாக்கில் வியர்வைச் சுரப்பி கிடையாது. பாதத்தின் அடியில் கொஞ்சம் உண்டு, அது போதாது. தசை செலவழிக்கும் சக்தியில் முக்கால்வாசி வெப்பமாகிவிடும். அந்த வெப்பத்தை வெளியேற்ற நாய் நம்பியிருப்பது ஈரம் ஆவியாவதைத்தான். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆனால் நிறைய ஆவியாக வேண்டுமென்றால் ஈரத்தின் மேல் காற்று வேகமாக ஓட வேண்டும். அப்படி மூச்சுவிட நெஞ்சுத் தசைகள் உழைக்க வேண்டும். உழைத்தால் மறுபடியும் வெப்பம். கணக்கு எப்படிச் சரிவரும்?

இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஊஞ்சலை ஆட்டிப் பாருங்கள். அதற்கென்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தில் தட்டினால் ஒரு விரல் போதும், தாளம் தப்பித் தள்ளினால் தோள் வலிக்கும். நாயின் நெஞ்சுக்கூடும் நுரையீரலும் அப்படித்தான். அவை மீள்தன்மை உள்ளவை, அவற்றுக்கும் இயல்பான ஓர் அதிர்வெண் இருக்கிறது. 1962இல் குரோபர்ட் என்ற ஆய்வாளர் அதை அளந்தார். விநாடிக்கு 5 தடவைக்குச் சற்று மேல் வந்தது. நாய் இளைக்கும் வேகமும் கிட்டத்தட்ட அதேதான், நிமிடத்துக்கு 300க்கு மேல்! ஒவ்வொரு மூச்சுக்கும் தசை இலேசாக ஒரு தட்டுத் தட்டுகிறது, மீதியை நெஞ்சின் மீள்விசையே பார்த்துக்கொள்கிறது. இந்த ஒத்திசைவு இல்லாவிட்டால், இளைப்பதால் வெளியேறும் வெப்பத்தைவிட இளைக்கும் உழைப்பால் உண்டாகும் வெப்பம் கூடிவிடும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். இலேசாகச் சூடேறிய நாய் மெதுவாக இளைக்காது. சில விநாடி முழுவேகத்தில் இளைக்கும், பிறகு வாயை மூடிச் சாதாரணமாக மூச்சுவிடும், அப்புறம் மீண்டும் அதே வேகம். சூடு கூடக்கூட இடைவெளிதான் குறையும், தாளம் பெரிதாக மாறாது.

காற்றின் பாதையும் அழகானது. 1970இல் விலங்கு உடலியலாளர் சிமிட்-நீல்சனும் கூட்டாளிகளும் கண்டது இது: இளைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கால் உள்ளே இழுத்து வாயால் வெளியே விடுகிறது. ஆவியாக்கும் வேலையில் பெரும்பங்கு மூக்கினுள் மடிப்பு மடிப்பாக இருக்கும் ஈரச் சவ்வில் நடக்கிறது. காற்று அதே வழியால் திரும்பினால், குளிர்ந்த சவ்வு அந்த வெப்பத்தையும் ஈரத்தையும் திருப்பி வாங்கிக்கொள்ளும். வாயால் போவதால் இரண்டும் வெளியேறிவிடுகின்றன.

இனிக் கொழும்பு. 30 பாகை, 80 வீத ஈரப்பதன் உள்ள ஒரு நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏற்கெனவே 24 கிராம் நீராவி இருக்கும். நாயின் உடல் வெப்பத்துக்குச் சூடேறினால் அந்தக் காற்று ஏறக்குறைய 46 கிராம் வரைதான் தாங்கும். மிச்சம் 22 கிராமுக்குத்தான் இடம். அதே வெப்பத்தில் 30 வீத ஈரப்பதன் என்றால் 37 கிராமுக்கு இடம் உண்டு. நாய் அதே அளவு இளைத்தாலும் இங்கே கிடைக்கும் குளிர்ச்சி குறைவு. வெப்பமும் ஈரப்பதனும் சேர்ந்து ஓடும் நாயை என்ன செய்கின்றன என்று நம் ஊர் நாய்களிலேயே அளக்கப் பேராதனை கால்நடை மருத்துவ பீடத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. வெப்பமானியும் ஈரப்பதமானியும் பெரிய செலவில்லை.

என் சின்ன வயதில் எங்கள் நாய் மத்தியான வெயிலில் ஓடிவிட்டு முற்றத்தில் சரிந்து விழுந்தது. நாவூறு என்று செத்தல் மிளகாய் சுற்றிப் போட்டார்கள். அந்த நிமிடங்களில் வாளித் தண்ணீரை ஊற்றியிருக்கலாம். அது பிழைக்கவில்லை, எனக்கு இன்னும் ஆறவில்லை. நாயின் இயல்பான வெப்பநிலை 38 முதல் 39 பாகை. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. தள்ளாடினாலோ விழுந்தாலோ முதலில் தண்ணீரால் குளிரவைத்துவிட்டுத்தான் மருத்துவரிடம் ஓட வேண்டும். விழுமுன்னே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் வேலைநாய்களுக்குத் தண்ணீருக்குள் தாமாகவே தலையை முக்கப் பழக்கினார்கள். ஓடிச் சூடேறிய நாயின் உடல் அதனால் விரைவாகக் குளிர்ந்ததாக 2024இல் எழுதியிருக்கிறார்கள். பிரக்ஞையோடு நிற்கும் நாய்க்கு மட்டும்தான் இது. தலையைப் பிடித்து அமுக்கக்கூடாது.

தங்கைக்கு: இளைப்பு விட்டுவிட்டு வரும்வரை, வாய் தானாக மூடும்வரை அடுத்த ஓட்டம் வேண்டாம். விடியற்காலையில் பழக்குங்கள். பக்கை மட்டும் அணியிலிருந்து எடுத்துவிடுங்கள். அதன் முகம் சப்பை, அந்த ஈரச் சவ்வுக்கு உள்ளே இடம் குறைவு, குறுகிய வழியால் காற்றை இழுப்பதும் பெரும்பாடு. கட்டையான நாய்தான் தேவையென்றால் உங்கள் ஒழுங்கையிலேயே காலும் கட்டை, மூக்கும் நீளமான ஊர்நாய் ஒன்று நிற்கும், பாருங்கள். பக் நிழலில் இருந்து பார்க்கட்டும்.