கொனோனோவின் கரகரப்பு எங்கிருந்து வருகிறது?

'காங்கோட்ரானிக்ஸ்' ஆல்பத்தை முதன்முறை போட்டதும் பலருக்கும் ஸ்பீக்கர்மீதுதான் சந்தேகம் வரும். கிழிந்துவிட்டதோ, வால்யூம் அளவுக்கு மீறிப் போய்விட்டதோ என்று. ஸ்பீக்கரில் கோளாறு எதுவும் இல்லை. காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகர் கின்ஷாசாவைச் சேர்ந்த 'கொனோனோ நம்பர் 1' குழுவின் இந்த 2004ஆம் ஆண்டு ஆல்பத்தில் கரகரப்பும் ஒரு வாத்தியம்தான்.

எல்லாவற்றுக்கும் மூலம் லிகெம்பே. இரு கைகளுக்குள் அடங்கும் சிறு மரப்பெட்டி, அதன்மேல் வரிசையாக இரும்பு நாக்குகள். கட்டைவிரலால் அழுத்திச் சட்டென்று விட்டால் நாக்கு அதிர்கிறது. ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்டு மறுமுனை சும்மா நிற்பதால், இதன் கணக்கு தந்தியின் கணக்கு அல்ல. தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரு மடங்காகும்; நாக்கின் நீளத்தைப் பாதியாக்கினால் நான்கு மடங்காகும். அதனால் 5 செ.மீ. நாக்கை 2.5 மி.மீ. உள்ளே தள்ளினாலே சுருதி கிட்டத்தட்ட ஒரு முழுச் சுரம் ஏறிவிடும். சுருதி சேர்ப்பது மிக நுணுக்கமான வேலை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தந்தியின் மேற்சுரங்கள், அதாவது அடிப்படைச் சுரத்தோடு கூடவே ஒலிக்கும் உயர்ந்த அதிர்வுகள், அதன் அதிர்வெண்ணைப்போல் 2, 3, 4 என முழு மடங்குகளில் வரும். நாக்கின் முதல் மேற்சுரமோ அடிப்படையைப்போல் ஆறு மடங்குக்குச் சற்று மேலே, முழு எண்ணில் அகப்படாமல் நிற்கிறது. மீட்டிய கணத்தில் ஒரு உலோகக் கணீர் எழுந்து உடனே அடங்க, பிறகு மெல்லிய தூய சுரம் மட்டும் மிஞ்சுகிறது. மிக அழகான ஒலி, ஆனால் பெருநகரத் தெருவில் காதில் விழாது.

குழுவை 1960களில் தொடங்கிய மவாங்கு மிங்கியேடி, அங்கோலா எல்லையை ஒட்டி வாழும் பஸோம்போ மக்களில் ஒருவர். அவர்களது மரபில் பலர் கூடி யானைத் தந்தக் கொம்புகளை ஊதுவார்கள். அந்த இசையைத்தான் அவர் லிகெம்பேக்கு மாற்றினார். ஒலியைப் பெருக்க, பழைய கார் பாகங்களிலிருந்து காந்தங்களை எடுத்தார். காந்தத்தைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள். அருகில் இரும்பு நாக்கு அதிரும்போது சுருளுக்குள் காந்தப்புலம் மாறி, கம்பியில் மின்னழுத்தம் பிறக்கிறது. எலெக்ட்ரிக் கித்தாரிலும் இதே தத்துவம்தான். மாற்றம் எவ்வளவு வேகமோ அவ்வளவு மின்னழுத்தம் என்பதால், வேகமாக அதிரும் அந்த உலோகக் கணீருக்கு இங்கே கூடுதல் பலம் கிடைக்கிறது.

இதன் பிறகு நடப்பதுதான் என்னைத் திரும்பத் திரும்ப வியக்க வைக்கிறது. ஆம்ப்ளிஃபயரால் ஓர் எல்லைவரைதான் மின்னழுத்தம் தர முடியும். அதற்கு மேல் போகும் அலையின் முகடு தட்டையாக வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் அடிப்படைச் சுரத்தின் 2, 3, 4 மடங்கு அதிர்வுகள் புதிதாகச் சேர்கின்றன. நாக்குக்கு இயல்பில் இல்லாத மேற்சுரங்கள் இவை. ஊதுகொம்பில் இயல்பாகவே நிறைந்திருப்பவை. கூடவே, மங்கும் சுரத்தின் உயரமான தொடக்கம் வெட்டுப்படுவதால் சுரம் நீண்ட நேரம் ஒரே பலத்தில் நிற்பதுபோலக் கேட்கும். மீட்டும் வாத்தியம் ஊதும் வாத்தியத்தை நெருங்குகிறது. மிங்கியேடி விட்டுவந்த கொம்புகள் மின்சாரத்தின் வழியே பாதியாவது திரும்பி வந்துவிட்டன என்றே நான் கேட்கிறேன். மின்சாரம் தொடாத லிகெம்பேகளிலும் நாக்குகளில் சிறு உலோக வளையங்களை மாட்டி ரீங்காரம் சேர்ப்பது வழக்கம். கரகரப்பை இரசிக்கும் காது அங்கே முன்பே இருந்தது.

குழுவில் மூன்று மின் லிகெம்பேகள்: கீழ், நடு, மேல் சுருதிகளில். ஒன்று விட்ட இடைவெளியில் மற்றொன்று புகும். வேகமாக வரும் சுரங்களை நம் மூளை, யார் வாசித்தது என்று பார்த்து அடுக்குவதில்லை. சுருதியில் நெருங்கியவற்றை ஒன்றாகக் கோக்கிறது. இப்படிக் கோத்ததில், எந்தக் கலைஞரின் விரலும் தனியாக வாசிக்காத ஒரு மெட்டு உருவாகலாம். உகாண்டாவின் மரக்கட்டை வாத்தியங்களில் இது நிகழ்வதை இசை ஆய்வாளர் கெர்ஹார்ட் குபிக் 1960இலேயே விவரித்திருக்கிறார்.

முதன்முறை கேட்பவர் கீழ்ச் சுருதி லிகெம்பேயை மட்டும் சில நிமிடம் பின்தொடரலாம். அது மனதில் பதிந்ததும் நடு லிகெம்பே எந்த இடைவெளிகளில் நுழைகிறது என்பது தானாகத் தெரியும். போனின் சிறு ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். தாழ்ந்த அதிர்வுகளை அதால் சரியாக எழுப்ப முடியாது. கீழ் லிகெம்பே கரைந்துபோனால் மற்ற இரண்டும் எதைச் சுற்றி ஓடுகின்றன என்றே புரியாது.